முந்தாநாள் ரொட்டி

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒவிதியோ வந்தான்.
விவாகரத்துப் பத்திரத்தில் இந்த வண்டிக்கு ஒரு வரி உண்டு:
ஒற்றைப்படை வாரம் எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு.
கிளட்ச் போனால் யார் செலவென்று
நோட்டரிக்குத் தோன்றவில்லை.

எஸ்கேலில் அக்டோபர் காற்று
தகரக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
பிக்கப்பின் அடியில் அட்டைப்பெட்டி விரித்துப்
பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்தோம்,
நடுவில் கியர் பாக்ஸ்.

"பேட்டரி வயரை எடுத்தாயா?"
"ஆச்சு."
ஸ்டார்ட்டரில் ஸ்பானர் பட்டுப் பொறி பறந்தது.
பதினோரு வருஷத்தில்
எத்தனை "ஆச்சு".

மேல் மூடியை முதலில் திறக்க வேண்டும், அப்புறம்தான்
எண்ணெய் வடிக்கிற கீழ் மூடி.
மாற்றிச் செய்து, மேலது துருவில் இறுகிவிட்டால்
காலிப் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான்.
உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவை.

எண்ணெயில் கந்தக நாற்றம்.
காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு; அது வழக்கம்.
தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன்,
அடியில் பித்தளைத் தூள், உதிர்ந்த ஜரிகை மாதிரி.
இரண்டாம் கியர்.
"நீ அவசரமாகத் தள்ளுவாய்" என்றான்.
"நீ மூன்றிலிருந்து இழுத்து அடிப்பாய்" என்றேன்.

ஷாஃப்ட் இறங்கியது. குறுக்குச் சட்டம் இறங்கியது.
மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுகள் மட்டும்
கைக்கும் எட்டாது கண்ணுக்கும் எட்டாது.
நீட்டுக்கம்பி மூன்றைக் கோத்து
இருட்டில் சாவித்துவாரம் தேடுவதுபோல் தேடினோம்.
பெட்டி பின்னால் நகர்ந்து ஜாக்கியில் உட்கார்ந்தபோது
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தோம்,
மூன்றை யாரும் சொல்லவில்லை.

பிளேட் ரிவெட் தெரியத் தேய்ந்திருந்தது.
ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள்.
ரிலீஸ் பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைத்தது:
பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர் வேலை.
அவன் என் இடது பூட்ஸைப் பார்த்தான்.
நான் அவனுடையதை.
(ஆஸ்பத்திரி ஏற்றத்தில், கேட் திறக்கும் வரை
ஹேண்ட்பிரேக் போடாமல்
அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்,
தினமும், இரவு ஷிஃப்டுக்கு.
அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.)

கிராங்க் நுனிக்குள் புதைந்த குட்டி பேரிங் வரமாட்டேன் என்றது.
அதை இழுக்கிற கருவி
அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ட்ரெலூவில் இருக்கும்.
ஒவிதியோ எழுந்து சமையலறைக்குப் போனான்,
கேட்காமலே சரியான அலமாரியைத் திறந்தான்.
முந்தாநாள் ரொட்டி.
நனைத்துப் பிசைந்து துளைக்குள் திணித்தான்,
துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தான்.
இன்னும் திணி, இன்னும் அடி.
போக இடமில்லாத ரொட்டி
பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளியது.
பொதக்கென்று அவன் உள்ளங்கையில் விழுந்தது,
மாவு அப்பிய பல் மாதிரி.
சிரித்துவிட்டேன். அதற்காக இப்போதும்
கொஞ்சம் எரிச்சல்தான்.

புது பிளேட்டின் ஒரு முகத்தில்
ஃப்ளைவீல் பக்கம் என்று அச்சு.
அவன் மாற்றி வைத்தான். நான் வாங்கித் திருப்பினேன்.
டேப் சுற்றிய துடைப்பக்கட்டையை நடுவில் செருகி
மையம் பிடித்து,
எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கினோம்.
புது எண்ணெய் மேல் துளையில் வழிந்தபோது
மணி ஒன்பதரை.

பெடல் இலேசாக இறங்கியது.
முதல் கியர், சத்தமில்லை.
இரண்டாவதில் அதே பழைய நறநற.
"பெட்டியைப் பிரிக்கணும்."
"இன்றைக்கு வேண்டாம்."

இரட்டைப்படை வாரம். எடுத்துக்கொண்டு போனான்.
வளைவில் அவன் கியர் மாற்றுகிற இடம் எனக்குத் தெரியும்.
கதவோரம் நின்று காது கொடுத்தேன்.
காற்றுதான் கேட்டது.

உள்ளே வந்து மீதி ரொட்டியைத் தின்றேன்.
விரலில் கிரீஸ்.