முட்டி லிவர்

மூலக்கொத்தளம் காயலாங்கடையில் அது
கால் மடக்கிய இஸ்திரி மேசை மாதிரி
பழைய பாத்ரூம் கதவுகளுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.
கனி பாய் எடைக்குத்தான் போடுவார்.
பதினேழு கிலோ. மரம் கழித்துப் பதினொன்று.
"இத்த வெச்சி இன்னாமா பண்ணப்போற?"
தெரியாது என்றேன்.
குனிந்து பார்த்தபோது அடிவயிற்றில்
முட்டியால் தள்ளுகிற லிவர் ஒன்று தொங்கியது.
அதற்காகத்தான் வாங்கினேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதிமூன்று வருஷமாக
வலது முட்டியால் தள்ளித்தான்
மெஷினின் பாதத்தைத் தூக்குகிறேன்.
நாளைக்கு அறுநூறு காலர்.
என் முட்டிக்குத் தெரிந்த வேலை
வேறொரு மெஷினிலும் இருக்கிறதென்றால்
அது என்ன தைக்கும் என்று பார்க்க வேண்டாமா?

பெடல் ஸ்டீல் கிட்டார் என்று
போன்தான் பெயர் சொன்னது.
பத்துத் தந்தி, மூன்று பெடல்.
விரலால் அழுத்தக் கூடாது,
மேலே ஓர் இரும்பை வழுக்கவிட வேண்டும்.
மிதித்தால் அடியில் கம்பி இழுக்கும்.
ஒரு சுரம் நிற்காமலே
இன்னொரு சுரமாகிவிடும்.
இந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

லூர்து எண்ணூர் ரோட்டில், கன்டெய்னர் வரிசையில்.
ட்ரெய்லர் ஹார்பருக்குள் நுழைய
இன்னும் இரண்டு ராத்திரி.
அதுவரை வீட்டுத் தரை முழுக்க எனக்கு.

திருகுகளை இட்லித் தட்டில் பிரித்துப் போட்டேன்,
குழிக்கு ஒரு பெடல்.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் போகும்போதெல்லாம்
அவை குழிக்குள் சுற்றிச் சுற்றி வந்தன.
எப்போதோ ஊற்றிய எண்ணெய்
பாகாய் இறுகிக் கிடந்தது.
தின்னர், பழைய பல் பிரஷ், என் நகம்.
ஒரு கம்பி எங்கிருந்து வந்ததென்று மறந்து
ஒன்றேகால் மணிக்கு உட்கார்ந்து அழுதேன்.
பிறகு சோறு தின்றேன்.
பிறகு அது எங்கிருந்து வந்ததென்று தெரிந்தது.

தேய்ந்த இழுகம்பிக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி.
வழுக்கும் இரும்புக்கு
புல்லட்டில் கழற்றிப்போட்ட பிஸ்டன் பின்;
நடு ஓட்டையில் காசிமேட்டு வலைக்குண்டை
உருக்கி ஊற்றியதும் கையில் கனம் வந்தது.

ஏழாவது தந்திக்கு ஸ்பிரிங்கே இல்லை.
அந்த இடத்தில் ஒரு கொண்டை ஊசி,
நாலு மடிப்பாய் வளைத்து.
எனக்கு முன்னால் யாரோ
இதே மாதிரி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து
உருவியிருக்கிறார்கள்,
தன் தலையிலிருந்தோ
பக்கத்தில் தூங்கிய தலையிலிருந்தோ.
புது ஸ்பிரிங் போட்டுப் பார்த்தேன், இறுக்கம் போதவில்லை.
ஊசியைத் துடைத்துத் திரும்ப மாட்டினேன்.

தந்தி செட்டின் விலை
கனி பாய்க்குக் கொடுத்ததைவிட அதிகம்.
முறுக்கும்போது மூன்றாவது அறுந்து
கன்னத்தில் கோடு போட்டது.
நூல் என்றால் எச்சில் தொட்டுக் கோத்துவிடுவேன்.

ஹோம் தியேட்டர் பெட்டியில் சொருகி
மிதித்தேன்.
முதல் பெடல் ஏறியது.
இரண்டாவது ஏறிப் பாதியில் உட்கார்ந்துகொண்டது.
மூன்றாவது மிதிக்கு
வீட்டுக்கார அம்மா மேலிருந்து தட்டினாள்.

லூர்துக்கு போன் போட்டு, பக்கத்தில் வைத்து,
பிஸ்டன் பின்னை மெதுவாக வழுக்கினேன்.
"இன்னா அது, தண்ணி லாரி பிரேக்கா?"
இரு என்று சொல்லிக்
குனிந்து நட்டை அரைச்சுற்று திருகினேன்.
முட்டியால் தள்ளினேன்.
அறுநூறு காலரையும் தூக்கிய அதே முட்டி.
சுரம் கீழே இறங்கியது, அறுந்துபோகாமல்,
ஈரத் துணி கொடியில் சரிகிற மாதிரி.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
"கேக்குதா?"
"கேக்குது. இன்னொருக்கா பண்ணு."
பண்ணினேன்.
"இரு இரு, வண்டி நவுருது, வெச்சிடறேன்."

இட்லித் தட்டைக் கழுவும்போது
ஒரு குழியில் ஒரு திருகு மிச்சம்.
எதனுடையது என்று தெரியவில்லை.
இதுவரை எதுவும் கழன்று விழவில்லை.