ஏழாவது கட்டிலின் வாடகை

கண்காட்சி முடிந்த இரவு
மூன்று நாள் நின்ற சுவர்களை
மூன்று மணி நேரத்தில் உடைத்துப் போட்டோம்.
குப்பை லாரிக்குப் போகிற பலகைகளில்
நான்கை மட்டும் எங்கள் வேனுக்குத் திருப்பினேன்.
பதினெட்டு மில்லி எம்டிஎஃப்.
ஒன்றில் ஏதோ தண்ணீர்க் கம்பெனி விளம்பரத்தின்
பாதிச் சிரிப்பு ஒட்டியிருந்தது.
சூப்பர்வைசர் பார்த்தார்.
பார்க்கவில்லை என்றார்.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் அறை.
மேலும் கீழுமாய் ஆறு கட்டில்,
ஜன்னலோரம் ஒற்றையாய் ஒன்று.
விசா கேன்சலாகி தங்கேசன் போனதிலிருந்து
அந்த ஒற்றைக்கும் அறுநூறு திர்ஹம்
நாங்கள்தான் தரவேண்டும் என்றார் கபூர் பாய்.
"ஆளைப் போடு, இல்ல காசைப் போடு."
நாங்கள் கட்டிலைக் கழற்றி
கேம் பெட்டியைப் போட்டோம்.

இண்டஸ்ட்ரியல் ஏரியா பழைய சாமான் கடையில்
முதுகு புடைத்த டிவி, நாற்பது திர்ஹம்.
ஸ்டிக்கும் பட்டன்களும் டிராகன் மார்ட்டில்.
எத்தனை பேர் ஆட என்று
விரலை நீட்டிக் கேட்டாள் சீனத்துப் பெண்.
இரண்டு என்றேன்.
ஆறு என்று சொல்லக் கூச்சம்.

மொட்டை மாடியில் வைத்து அறுத்தேன்.
ஜூலை.
பென்சில் கோட்டின்மேல் வேர்வை சொட்டி
கோடு இரண்டாகத் தெரிந்தது.
எந்தக் கோட்டில் அறுத்தேன் என்பது
கதவில் இடித்தபோதுதான் தெரிந்தது.
பக்கவாட்டில் இன்றைக்கும்
அரை அங்குல வெட்டுக்காயம்.

பக்கப் பலகைகளைச் சேர்த்து
திருகு முடுக்கத் தரையில் மல்லாத்தினேன்.
ஆறடி நீளம், இரண்டடி அகலம்.
டீயோடு வந்த மஸ்தான் கனி
வாசலிலேயே நின்றுவிட்டார்.
போன வருஷம் ஏர்போர்ட் கார்கோ வரைக்கும்
ஒரு பெட்டியோடு கூடப் போனவர் அவர்.
"தம்பி, அத நிமித்தி வையி.
திருக நின்னுக்கிட்டே முடுக்கலாம்."
நிமிர்த்தினோம்.
அப்புறம்தான் டீ.

ஆட்டத்துக்கு ஒரு திர்ஹம்.
ஆளுக்கு தினம் மூன்று ஆட்டம் தோற்றால்
மாதத்துக்கு ஐந்நூற்று நாற்பது தேறும்,
அறுபதுதான் துண்டு விழும் என்று
கணக்குப் போட்டான் ஜெர்வின்.
அந்த அறுபதையும் அவனே தோற்றான்.
நாலாம் மாடி ரோடெல் வந்துபோன வாரம்
உண்டியலைத் திறந்தால் பாதி பெசோ.
அதே வட்டம், அதே கனம்.
பெட்டிக்கு எல்லா நாடும் ஒன்றுதான்.
கபூர் பாய்க்கு இல்லை.

ஜெயித்தவன் பெயருக்கு
மூன்று இங்கிலீஷ் எழுத்துதான் இடம்.
இரட்டை டியூட்டி முடிந்து
ராத்திரி இரண்டு மணிக்கு வரும் வெள்ளைச்சாமி
ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று
விண்கற்களைச் சுட்டுக்கொண்டே இருப்பார்.
ஒரு வியாழக்கிழமை
நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பத்து.
வி, எஸ், எம்.
எங்களை எழுப்பிக் காட்டவில்லை.
காலையில் பல் தேய்க்கும்போது
தற்செயலாகச் சொல்வதுபோல்
"அந்த பிளக்க யாரும் புடுங்காதீங்கப்பா" என்றார்.
கரண்ட் இருக்கிற வரைக்கும்தான்
அதற்கு ஞாபகம்.

பதினாறு நாள் முதலிடத்தில் இருந்தார்.
டியூட்டிக்குப் போகும் முன்
ஒரு தடவை திரையைப் பார்த்துக்கொள்வார்,
கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற மாதிரி.

பிடுங்கியது நான்.
பத்து மணிக்கு இன்டர்வியூ, சட்டை கசங்கியிருந்தது,
அந்தச் சுவரில் இருப்பது ஒரே பாயிண்ட்.
இஸ்திரி சூடாகும் வரை உறைக்கவே இல்லை.

திரும்பச் சொருகினேன்.
பத்து வரிசையிலும்
ஏ ஏ ஏ.

அன்று இரவு வெள்ளைச்சாமி
ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார்.
"யாருடா இந்த ஏஏஏ?
பத்து எடத்துலயும் இவனே நிக்கிறான்."

"கம்பெனி ஆளுண்ணே.
நமக்கு முன்னாடியே உள்ள இருக்கான்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
பேண்ட் பையைத் துழாவி
ஒரு திர்ஹம் எடுத்தார்.
"இன்டர்வியூ என்னாச்சு?"
"கூப்பிடுறேன்னாங்க."
"ம். தள்ளி நில்லு,
வெளிச்சம் மறைக்குது."