எண்பது அடி கீழே

வெர்னா ஹோக்லண்டின் நிலவறையில்
கரித்தூள் நிரப்பிய சின்ன டப்பா ஒன்றை
மூன்று நாள் திறந்து வைத்தேன்.
பதினொன்று என்று வந்தது.
நான்கைத் தாண்டினாலே
விசிறி போடச் சொல்வது என் வேலை.
மறுநாளே காசோலை எழுதினாள்:
"பேரப்பிள்ளைகள் வந்தால் அங்கேதான் தூங்குவார்கள்."
குழாய் பதித்தேன்.
நிறமில்லாத, மணமில்லாத ரேடான்
கூரைக்கு மேலே போய்
மான்டானா வானத்தில் கரைந்தது.

ஜூன் வந்தது.
முட்டியில் வீக்கம், விரல்களில் முடிச்சு,
அதே வெர்னா
இரண்டு மணி நேரம் காரில் போய்
கைவிட்ட யுரேனியச் சுரங்கம் ஒன்றில்
கட்டணம் கட்டி உட்காருகிறாள்,
அதே வாயுவை உள்ளிழுக்க.
அங்கே ஆயிரத்துக்கும் மேல்.

"அதுவும் இதுவும் ஒன்றா?
வீட்டில் இருந்தது கசிவு.
அங்கே இருப்பது இயற்கை."

ஒரே கருங்கல், வெர்னா.
ஒரே யுரேனியம் சிதைந்து சிதைந்து பெற்ற பிள்ளை.
பாறைக்கு முகவரி பார்க்கத் தெரியாது.

காகிதங்களை விரித்தேன்:
நுரையீரல் புற்றில் போன சுரங்கத் தொழிலாளிகள்,
வயது வாரியாக, வருட வாரியாக.
அவள் தன் கையை விரித்தாள்.
போன வருடம் வந்த கையோடு
ஊறுகாய் ஜாடியைத் தானே திறந்த கை.

வலி குறைந்தது பொய்யில்லை.
குறைத்தது எது என்பதுதான் வழக்கு.

அழைத்துவர இந்த முறை நான் போனேன்.
கடைசி நாள்தானே என்று கூடவே இறங்கினேன்.
கம்பளி விரித்த பெஞ்சுகள், மஞ்சள் விளக்கு, சீட்டாட்டம்,
பென்சில்வேனியாவிலிருந்து வந்த தாடிக்காரர் நீட்டிய
ஆப்பிள் கேக்.
பத்து நாள் சமையல் இல்லை. மாடிப்படி இல்லை.
உன் வலியை ஒருவர்
குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்கிறார்.
இதையெல்லாம் எந்த டப்பாவில் பிடிப்பது?
என் கருவிக்கு வாயுவை மட்டும்தான் எண்ணத் தெரியும்.
எண்ணிக்கொண்டே இருந்தது.
நான் மூச்சைச் சிக்கனமாக இழுத்தேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

வெர்னாவின் காலடியில் டஃபி.
பதினான்கு வயது, இடுப்பு தேய்ந்த நாய்.
அதற்குப் பாதிக் கட்டணம்.
சுவரில் ஒட்டிய நன்றிக் கடிதங்களைப்
படிக்கத் தெரியாத
ஒரே நோயாளி.

மேலே வந்தோம். வெயில்.
வெர்னா கைத்தடி இல்லாமல் காருக்கு நடந்தாள்.
டஃபி
வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே நொண்டலோடு
பின்னால் வந்தது.
பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"வாலை ஆட்டுகிறது பார்," என்றாள்.

திரும்பக் கீழே போய்
பெஞ்சில் கிடந்த கைத்தடியை எடுத்துவந்து
பின்னிருக்கையில் வைத்தேன்.