செலவுத் தலைப்பு

மருத்துவ வாரியத்தின் கணக்கில்
புண்ணுக்கென்று ஒரு தலைப்பு இல்லை.
பெட்ரோலில் கொஞ்சம் இருக்கிறது.
பஞ்சில், கையுறையில்,
செவிலியரின் மிகைநேரத்தில்
கசிந்து கிடக்கிறது.
ஆறு மாதமாகத் துடைத்துத் துடைத்துக்
கூட்டிப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை
குவென்லியனின் காரில் நானும் ஏறிக்கொண்டேன்.
ஆபர்டேர் தாண்டியதும் மழை.
இட்வல் ப்ராஸர் காலை முக்காலியில் நீட்டினார்.
கணுக்காலுக்குமேல்,
ஐம்பது பென்ஸ் காசை வைத்தால் மறைந்துவிடும்.
பதினேழு மாதம், வாரம் இருமுறை.
மனசுக்குள் பெருக்கினேன்.
வந்த தொகைக்கு
இந்தக் காரைப்போல் இன்னொன்று வாங்கலாம்,
மழைக்கு ஒழுகாததாக.

"முதல் மாதமே அழுத்திக் கட்டியிருந்தால்
ஆறியிருக்கும்" என்றாள்
பழைய கட்டைச் சுருட்டியபடி.
"கட்டுமுன் காலில் ரத்த ஓட்டம் பார்க்கணும்.
அந்தக் கருவி கேட்டு மூன்று தடவை எழுதினேன்.
தேவையில்லை என்று
எவனோ கையெழுத்துப் போட்டிருக்கிறான்."

ஜன்னலைப் பார்த்தேன்.
நீல மை. அந்தத் தாள் நினைவிருக்கிறது.
சிக்கனம் என்று ஓரத்தில் எழுதி
அடிக்கோடும் இட்டிருந்தேன்.

புண்ணிலிருந்து வந்த வாடை
அறையைவிட்டுப் போகவில்லை.
இட்வல் எட்டி, எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார்.
சர்க்கரை எத்தனை
என்று கேட்டார்.