நிலத்துக்கு மேலே

பாசிக்குடாவில் ஹோட்டலுக்குப் பெயின்ற் அடிக்கப் போன சுகிர்தன்
மூன்று மாதத்தில் கொண்டுவந்தது
அரை வாளி வெள்ளை,
வெயிலில் உரிந்த பிடரி,
பாபிகியூக் கிடங்கு என்றொரு சொல்.

வளவின் பின்பக்கம், பாலைக்கு அங்கால்
மண்வெட்டியை ஓங்கினான்.
அதிலை வேண்டாம் என்றேன்.
ஏன்?
கச்சான் காத்துக்குப் புகை குசினிக்குள்ளை வரும்.
கொஞ்சம் தள்ளி ஓங்கினான்.
அதிலையும் வேண்டாம்,
தண்ணிப் பைப் போகுது என்றேன்.
எங்கள் ஒழுங்கைக்குப் பைப் இன்னும் வரவில்லை.

அவன் திருகோணமலைக்காரன்.
கலியாணம் முடித்து மல்லாவிக்கு வந்தவன்.
இந்த வளவில் எந்த இடத்து மண்
மாரிக்கு ஒரு சாண் தாழும் என்று அவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். நாலு இடம்.
ஒன்று 'ட' எழுத்தைப்போல் முறியும்.
அவனுக்கும் வேறெங்காவது இருக்கலாம், நான் கேட்டதில்லை.

கிடங்கு எண்டால் கிண்டத்தான் வேணுமோ?
நீங்கள் காட்டின படத்திலை
நிலத்துக்கு மேலைதானே கட்டியிருக்கு?
படத்தை இன்னொருக்கால் எடுத்துப் பார்த்தான்.
மண்வெட்டியைப் பாலையில் சாத்தினான்.

வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய கல்லு இருபத்தாறு.
சீமெந்துக் கல்லு சூட்டுக்கு வெடிக்கும் என்று
உள்பக்கத்துக்குச் செங்கல்,
இடிந்த சங்கக்கடைச் சுவரிலிருந்து
சைக்கிள் கரியரில் ஆறாறாக.
இடைக்கு அப்பப் புற்றுமண்ணும் உமியும்.
அபிசனா முழங்கால் வரை சேறாக
மிதித்தாள், மிதித்தாள்,
போதும் என்ற பிறகும் மிதித்தாள்.

பழுதான ஃபிரிட்ஜின் தட்டைக் கொண்டுபோக
வெல்டிங் குணநிதி திருப்பித் தந்தான்.
இதிலை பூச்சிருக்கு, சூடேறினால் நஞ்சு.
பத்து மில்லிக் கம்பியில் பதினேழு துண்டு வெட்டிப்
பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினான்.
காசு பிறகு தாங்கோ, முதல் மீன் எனக்கு என்றான்.
அன்றைக்கு வரவுமில்லை.

சனிக்கிழமை.
வவுனிக்குளத்துத் திலாப்பியா ஆறு,
கீறி, மிளகும் உள்ளியும் தேசிப்புளியும் பூசி.
சிரட்டைக்கரி பிடிக்கப் பஞ்சிப்பட்டது.
காய்ந்த மட்டையைச் செருகி ஊதினான்.
புகை எழும்பியது.
வெள்ளையாய், தடிப்பாய்,
பாலையின் உச்சியும் தாண்டி
ஆருக்கும் தெரியும்படியாக.

வாளியைத் தூக்கிவிட்டேன்.
கைதான் தூக்கியது.
கழுத்து வானத்துக்குத் திரும்பிவிட்டது.

வண்டு என்று பெயர் வைத்திருந்தோம்.
மேலே வட்டமிட்டு இரையும்.
புகையைக் கண்டால் போய்ச் சொல்லும்.
சொன்னால்,
பிறகு.
ஊறவைத்த அரிசியைச் சப்பிய பதினொரு நாள்
அம்மா ஒரு நெருப்புக்குச்சி தட்டவில்லை.

என்னப்பா, தண்ணி ஏன்?
கை கழுவ என்றேன்.
கழுவினேன்.

வேலிப் பொட்டுக்குள்ளால்
பரிமளகாந்தி அக்கா ஓடிவந்தாள்.
அவள் கையிலும் ஒரு வாளி,
தளம்பிச் சட்டையெல்லாம் ஈரம்.
என்னைப் பார்த்தாள். என் வாளியைப் பார்த்தாள்.
தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.
மீனோ?
மீன்தான்.
வேளைக்குப் பிரட்டு பிள்ளை, அடிப்பிடிக்கப் போகுது.

பிடித்துத்தான் போனது.
வெளியில் கரி, முள்ளடியில் பச்சை.
பாசிக்குடாவிலையும் இப்பிடித்தான் என்று சுகிர்தன் சாதித்தான்.
அபிசனா முள்ளைத் துப்பித் துப்பி
அடுத்த சனிக்குக் கோழி என்றாள்.
அவன் இன்னும் கிடங்கு என்றுதான் சொல்கிறான்.
நான் அடுப்பு என்கிறேன்.

அக்கா வாளியை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.
நீலம், கைபிடிக்குக் கயிறு கட்டியது.
கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
அடுத்த சனி அவள் வருவாள்தானே.