கழுத்து அளவு

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கையில்
காஜா பையன் அழகுமலைதான் முதலில் சொன்னான்:
"பாய், உங்க காலர் ஒரு பக்கம் மட்டும் தூக்குது."

சட்டையைச் சந்தேகப்பட்டேன்.
பிரித்துத் தைத்தேன். மறுபடியும் தூக்கியது.
கண்ணாடியில் பார்த்தால்
இடது காரை எலும்புக்கு மேலே
ஒரு சுண்டைக்காய்.
அழுத்தினேன், வலிக்கவில்லை.
வலிக்காததை யார் போய்க் காட்டுவார்கள்,
அதுவும் முனிச்சாலையில்,
சீசன் நேரத்தில்.

இடுப்பு முப்பத்தாறிலிருந்து முப்பத்து மூன்று.
வேறு யாருமென்றால் கேட்டிருப்பேன்,
"என்ன சார், சுகரா?"
எனக்கு நானே பேண்ட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.
கால் அரிப்புக்குப் பாலியஸ்டர் தூசியைத் திட்டினேன்.

மார்கழியில், ஃபேன் போடாத ராத்திரியில்,
பனியனைப் பிழிந்தால் சொட்டியது.
"பதினோரு நாளா தலகாணி உறை காயப்போடுறேன்,
எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் சபுரா.

தெருமுனை டாக்டர் ஊசி வைத்து உறிஞ்சினார்.
டி.பி.யாத்தான் இருக்கும் என்றார்.
மாத்திரையில் மூத்திரம் ஆரஞ்சாகப் போனது,
ஏதோ வேலை நடக்கிறது என்று நம்பினோம்.
இரண்டு மாதத்தில் சுண்டைக்காய் நெல்லிக்காயாகி
துணைக்கு இன்னும் இரண்டு.

பாலம் தாண்டிப் பெரியாஸ்பத்திரி.
சீட்டு வாங்கவே பதினொரு மணி.
சின்ன வயசு டாக்டரம்மா
கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று
நான் அளவெடுக்கும் இடமெல்லாம் தொட்டுப் பார்த்தார்.
"கட்டியை முழுசா எடுத்துப் பார்க்கணும்."
"ஊசி போட்டுத்தான் எடுத்தாங்களேம்மா?"

கழற்ற மறந்து தோளில் தொங்கிய டேப்பைப் பார்த்தார்.
"ஒரு நூலை உருவிக் குடுத்தா
என்ன துணின்னு சொல்லிருவீங்களா?"
"பருத்தின்னு சொல்லலாம்.
பாப்ளினா, ட்வில்லான்னு சொல்ல முடியாது.
அதுக்குத் துண்டு வேணும்."
"அதேதான்."

மரத்துப்போன கழுத்தில்
நூல் இழுபடுவதை எண்ணினேன்.
நாலு தையல். இடைவெளி சமம்.
கடைசி முடிச்சில் மட்டும் கொஞ்சம் அவசரம்.

பிறகு காத்திருப்பு.
சதை மெழுகுக்குள் இருக்கிறதாம்,
இன்னொரு சாயம் போட்டுப் பார்க்கிறார்களாம்.
முப்பது வருஷமாக நான் சொன்ன
"நாளைக்கு வாங்க"வை
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.
நோன்பு பிடிக்க முடியவில்லை.
பெருநாள் சட்டைகளை உட்கார்ந்து உட்கார்ந்து முடித்தேன்.

ஆற்றுக்குள் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த அன்று
ரிப்போர்ட் வந்தது.
ஹாட்ஜ்கின் லிம்போமா.
போகாத ஊரின் பெயரைப்போல
சபுரா அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.
"புத்துநோய்தான்.
ஆனா மருந்து கேக்குற வகை" என்றார் டாக்டரம்மா.
முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில்
சபுரா என் கையைப் பிடித்தது
இன்னும் வலிக்கிறது.

கடைக்கு வந்து அளவு நோட்டை எடுத்தேன்.
ஊருக்கெல்லாம் பக்கம் இருக்கிறது,
எனக்கு இல்லை.
பெயர் எழுதினேன்.
கழுத்து பதினாறே கால். இடுப்பு முப்பத்திரண்டு.
டெலிவரி தேதிக்கு நேரே
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.

வெட்டி வைத்த என் சட்டையைக் கையில் பிடித்தபடி
அழகுமலை கேட்டான்:
"காலர் பட்டனுக்குக் காஜா எடுக்கவா பாய்,
வேணாமா?"

எடு என்றேன்.