வேலந்தாவளம் வழி

இரவு இரண்டு பத்து. வாளையாறு.
நாமக்கல் முட்டை லாரி எடைமேடையில் ஏறி நிற்கிறது.
சிவப்பு எண்கள் தள்ளாடித் தள்ளாடிப்
பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பதில் அடங்குகின்றன.
எண் அடங்கும்வரை அச்சுப் பொத்தானைத் தொடாதே
என்றுதான் பைலிச் சேட்டன் என்னை வேலைக்கு வைத்தார்.

சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு
என் கணக்குக்குத் திரும்புகிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று வருஷமாய்க் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது:
கேட் மதிப்பெண், சிஜிபிஏ, கல்லூரி,
ஆய்வுக் கட்டுரை உண்டா.
கடைசிக் கட்டத்தில் ஒன்று அல்லது பூஜ்யம்,
எம்.எஸ். சீட் கிடைத்ததா இல்லையா.
என் வரியில் அந்தக் கட்டம் காலி.

அறுநூற்றுப் பதினெட்டு. ஏழு புள்ளி மூன்று.
நவக்கரைப் பக்கம் ஒரு கல்லூரி,
சேரும்போது இருந்த பெயர்
முடிக்கும்போது அதற்கு இல்லை.
கட்டுரை இல்லை.
சிபாரிசுக் கடிதம், மோகனசுந்தரி மேடம்.
இப்போது மனை விற்கிறார்.
ஆனாலும் எழுதித் தருகிறேன் என்றார்.

ஓட்டிப் பார்த்தேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.

நூற்றுக்கு முப்பத்தொன்று மழை என்றால்
துணியைக் காயப்போட்டுவிட்டுத்தான் வருவேன்.
எதிரே ஷைனி விற்கும் பம்பர் சீட்டுக்கு
இதில் தூசு அளவுகூட வாய்ப்பில்லை,
அதற்குக் கோயம்புத்தூரிலிருந்து
பஸ் ஏறி வருகிறார்கள்.
"முப்பத்தொண்ணா? டன்னா?" என்றார் பைலிச் சேட்டன்
தூக்கத்தில் பாதியாக.

மூன்றரைக்கு டீ.
இன்றைக்கு எம்-சாண்ட் வண்டி ஒன்றுகூட வரவில்லையே என்றேன்.
"ஓவர்லோடு. வேலந்தாவளம் வழியா
அப்பவே போயிருக்கும்" என்றான் சாஜு.

என் பேரேட்டை யாராவது படித்தால்
இந்த எல்லையில் ஒருவரும்
அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதில்லை என்று நினைப்பார்கள்.

கிளாஸைக் கீழே வைத்தேன்.
அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
என் போனை எடுத்தவர்கள்.
செண்பகக்குழலி எடுக்கவில்லை.
ரியாஸ் "அப்புறம் பேசறேன்" என்றான்,
போன ஓணத்துக்கு முந்தின ஓணம்.
எத்தனை ஏழு புள்ளி மூன்றுகள்
விளக்கணைத்து வேலந்தாவளம் வழி போயினவோ.

பேசாதவர்களுக்காக நாற்பது பூஜ்யம் சேர்த்தேன்.
பதினெட்டுக்கு இறங்கியது.
கண் படும் என்று வாய் திறக்காத ஆட்களும் உண்டே,
அவர்களுக்குப் பத்து ஒன்று.
இருபத்திரண்டு.
இனி இது கணக்கில்லை,
மனசுக்குத் தகுந்த மாதிரி கல் மாற்றிப் போடுவது.
அதைச் செய்கிற மேடைகளை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்ற கட்டம்.
மழை நாளில் அறுபது கிலோ கூட்டிக் காட்டிய மேடையை
ஏன் என்று ஏழு ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்து
நிரலில் திருத்தியதை எழுதினேன்.
யாரும் கேட்காத வேலை. யாரும் கவனிக்கவும் இல்லை,
வெங்காயக்காரர்களைத் தவிர.

கட்டணம் கட்டியாயிற்று.
பதினெட்டா, இருபத்திரண்டா, முப்பத்தொன்றா,
எண் தள்ளாடிக்கொண்டிருக்கும்போதே
பொத்தானை அழுத்திவிட்டேன்.

வெளியே ஹார்ன். ஆலத்தூர் வண்டி.
"எந்தா, உறங்கிப்போயோ?"